கீறல் விழாமல் துடைப்பது

மாடி அக்கா: நிறுத்து! நிறுத்துப்பா! கையில என்ன அது?

தம்பி: பழைய பனியன்க்கா.

மாடி அக்கா: இன்னொரு கையில?

தம்பி: கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே. ஜன்னலுக்கு வாங்கினது...

மாடி அக்கா: ஜன்னலுக்கு வாங்கினதை ஜன்னலுக்கு அடி. இந்த ஸ்பீக்கர் மேல ஒரு தடவை அடிச்சே, முகம் பார்த்துத் தலை சீவற மாதிரி இருக்கிற மரம் பூஞ்சை பிடிச்ச மாதிரி ஆயிடும். கீழ வை. ரெண்டையும்.

தம்பி: நீங்க எப்ப வந்தீங்க?

மாடி அக்கா: கதவு திறந்திருந்துச்சு. ஸ்க்ரூடிரைவர் கேக்க வந்தேன்.

தம்பி: போன வாரம்தானே ஒண்ணு வாங்கிட்டுப் போனீங்க?

மாடி அக்கா: அது... வேற அளவு. பேச்சை மாத்தாதே. மணி என்ன?

தம்பி: மூணே கால்.

மாடி அக்கா: அஞ்சு மணிக்கு உன் வீட்டுக்காரி வர்றா. எனக்கு போன் பண்ணினா, உனக்குப் பண்ணலே, அது வேற விஷயம். சமையலறையில ரெண்டு நாள் பாத்திரம் நாத்தமெடுத்துக் கிடக்கு. சோபா மேல ஒரு சோபா, துணியால. நீ என்னடான்னா முதல் வேலையா இந்த ரெண்டு பெட்டிக்கும் சிங்காரம் பண்ணிட்டிருக்கே.

தம்பி: பெட்டி இல்லக்கா, ஸ்பீக்கர். ரோஸ்வுட் மேல ஏழு பூச்சு அரக்கு பாலிஷ்...

மாடி அக்கா: தெரியும், தெரியும். இந்தக் கட்டடத்துல யாருக்குத்தான் தெரியாது? குடிவந்த அன்னைக்கு உன் பீரோவை ரெண்டு பேர் தூக்கினாங்க. இதுங்களை நாலு பேர் தூக்கினாங்க. நீ பின்னாலேயே 'மெதுவா, மெதுவா'ன்னு பிரசவ வார்டுக்குப் போற மாதிரி போனே.

தம்பி: கிண்டல் பண்ணுங்க. இன்னைக்கு எல்லாரும் பண்ற நாள்தான்.

மாடி அக்கா: சரி, அவ எதுக்கு வர்றான்னு தெரியுமா உனக்கு?

தம்பி: ...எதுக்கு?

மாடி அக்கா: சர்ட்டிபிகேட் ஃபைலை எடுக்க. மிச்சத் துணியை எடுக்க. அம்மா வீட்டுப் பக்கத்துல ஒரு வேலை பார்த்து வெச்சிருக்காங்களாம். ஃபைலை எடுத்துட்டுப் போனான்னா, அப்புறம் நீயும் உன் ஏழு பூச்சும்தான் இந்த வீட்ல.

தம்பி: அதுக்குத்தான்க்கா இதைத் துடைக்கிறேன்.

மாடி அக்கா: எதுக்குத்தான்?

தம்பி: சண்டை எதுல ஆரம்பிச்சுது? இந்தக் கீறல்ல. வரும்போது கீறலே இல்லேன்னா? சண்டையும் இல்லேல்ல?

மாடி அக்கா: அடடா! இந்த மூளையை வெச்சுக்கிட்டு நீ ஆபீஸ்ல என்னதான் வேலை பாக்கறே?

தம்பி: கணக்குத் தணிக்கை.

மாடி அக்கா: அதானே பார்த்தேன். தள்ளு. எங்கே அந்தக் கீறல்?

தம்பி: இடது பக்க ஸ்பீக்கர். மேல் பலகையில, ஓரமா.

மாடி அக்கா: ஒண்ணும் தெரியலியே. தூசிதான் தெரியுது. ஒரு விரல் கனத்துக்கு... மூணு வாரமா தொடவே இல்லியா?

தம்பி: தொட மனசு வரலே.

மாடி அக்கா: பெண்டாட்டி மேல கோவமா, ஸ்பீக்கர் மேல கோவமா?

தம்பி: அக்கா...

மாடி அக்கா: சரி, சரி. முதல்ல ஒயரைப் பிடுங்கு. கையிலிருக்கிற வாட்சைக் கழட்டு. மோதிரத்தையும். பெல்ட்டும் போட்டிருக்கியே, அந்தக் கொக்கி ஒண்ணு போதும், குனிஞ்சு துடைக்கும்போது முன்பக்கமா ஒரு கோடு இழுத்துடும்.

தம்பி: வீட்டுக்குள்ள பெல்ட்டைக் கழட்டச் சொல்றீங்க.

மாடி அக்கா: உன் தங்கச்சியா நெனச்சுக் கழட்டு... அக்காவா நெனச்சு. பதினாலு வருஷமா மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் துடைக்கிறேன்ப்பா. ஒரு லென்ஸ் என் கையில கீறினதுன்னு யாரும் சொன்னதில்ல. இந்தப் பளபளப்பும் லென்ஸ் மாதிரிதான். கண்ணுக்குத் தெரியாத மணல்தான் எதிரி. இந்தா, என் பையிலிருந்து அந்த ரப்பர் உருண்டையை எடு.

தம்பி: இது என்ன, அமுக்கினா புஸ்ஸுங்குது?

மாடி அக்கா: காத்து. துணி வைக்கிறதுக்கு முன்னாடி தூசியை ஊதித் தள்ளணும். தூசியோட துணியைத் தேய்ச்சா, நீ துடைக்கலே, உப்புத்தாள் போடறே. வாயால ஊதாதே! எச்சில் தெறிக்கும்.

தம்பி: ஸ்க்ரூடிரைவர் கேக்க வந்தவங்க பையில ரப்பர் உருண்டை, புதுத் துணி, தண்ணி பாட்டில் எல்லாம் இருக்கு...

மாடி அக்கா: கடையிலிருந்து நேரா வந்தேன். இன்னைக்கு அரை நாள். நீ ஊது. மேலேயிருந்து கீழே. ம்... இப்ப மொபைல்ல டார்ச் போடு. நேரா பிடிக்காதே, பக்கவாட்டுல சாச்சுப் பிடி. பார்த்தியா?

தம்பி: ஐயோ!

மாடி அக்கா: எத்தனை வட்டம்! வட்ட வட்டமா, சிலந்தி கூடு கட்டின மாதிரி. இதெல்லாம் யாரு போட்டது?

தம்பி: ...யாரு?

மாடி அக்கா: ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் இதுங்க முன்னாடி மண்டி போட்டு உக்காந்து துடைக்கிறது யாரு? எப்படித் துடைப்பே, காட்டு. காத்துல காட்டு.

தம்பி: இப்படி... சுத்திச் சுத்தி...

மாடி அக்கா: அதான் சுத்தம் பண்ணின லட்சணம். அந்த பனியன்ல பாரு, கழுத்துல தச்ச லேபிள் அப்படியே இருக்கு. அது ஒரு கத்தி. துணி பழசானா மிருதுன்னு நெனைக்கிறே. பழசுலதான் சோப்புத் தூளும் மணலும் நூல் நூலா உக்காந்திருக்கும்.

தம்பி: அப்ப இந்த வட்டம் எல்லாம்...

மாடி அக்கா: உன் கையெழுத்து. அவளைப் போய்த் திட்டினியே!

தம்பி: வட்டத்துக்குத் திட்டலேக்கா. அந்த நீளக் கீறலுக்கு.

மாடி அக்கா: வர்றேன், அதுக்கும் வர்றேன். என்ன சொன்னே அன்னைக்கு? உன் வாயால சொல்லு. அவ சொன்னது எனக்குத் தெரியும். நீ எவ்வளவு குறைச்சுச் சொல்றேன்னு பாக்கறேன்.

தம்பி: சாயங்காலம் ரெண்டு நண்பர்கள் வந்திருந்தாங்க. பாட்டு கேக்க. நான் உறையைக் கழட்டினேன். கீறல் பளிச்சுன்னு தெரிஞ்சுது. 'என்ன பண்ணினே?'ன்னு கேட்டேன்.

மாடி அக்கா: அவ்வளவுதானா?

தம்பி: அவ 'நான் தொடவே இல்ல'ன்னா.

மாடி அக்கா: நீ?

தம்பி: 'இந்த வீட்ல நீயும் நானும்தான். நான் இல்ல. மிச்சம் யாரு?'ன்னேன்.

மாடி அக்கா: தணிக்கை!

தம்பி: அப்புறம்... 'உனக்குக் கரி பிடிச்ச பாத்திரம் தேய்க்கிற கை, இதுக்கெல்லாம் ஆகாது'ன்னு...

மாடி அக்கா: ரெண்டு ஆம்பளைங்க முன்னாடி.

தம்பி: ...ஆமா.

மாடி அக்கா: அவங்க என்ன பண்ணினாங்க?

தம்பி: ஒருத்தன் செருப்பைத் தேடினான். இன்னொருத்தன் 'பாஸ் சத்தம் நல்லா வருதுடா'ன்னான். அப்ப நான் பாட்டே போடலே.

மாடி அக்கா: சிரிக்க வைக்காதே, கை நடுங்கும். இந்தா, புதுத் துணி. தனியா அலசிக் காய வெச்சது, வாசனை தண்ணி எதுவும் போடாம. நாலா மடி. இப்ப எட்டுப் பக்கம் கிடைக்கும் உனக்கு. பாட்டில்ல இருக்கிறது பேட்டரிக்கு ஊத்தற தண்ணி, உப்பு இருக்காது. துணி மேல தெளி. துணி மேலன்னேன்! ஸ்பீக்கர் மேல தெளிச்சா ஓரத்துல இறங்கி மரம் உப்பிடும்.

தம்பி: இவ்வளவு போதுமா?

மாடி அக்கா: கன்னத்துல வெச்சுப் பாரு. குளுகுளுன்னு இருக்கணும், நனையக் கூடாது. ம். இப்ப ஒரே இழுப்பு. மர ரேகை போற திசையில. அமுக்காதே, துணியோட கனம் போதும். ஓரம் வந்ததும் எடு. துணியைத் திருப்பி அடுத்த பக்கம்.

தம்பி: ஒரு இழுப்புக்கு ஒரு பக்கமா?

மாடி அக்கா: ரெண்டு இழுப்புக்கு. கஞ்சத்தனம் பண்ணி அழுக்குப் பக்கத்தாலேயே தேய்ச்சேன்னா மறுபடியும் சிலந்திதான்... அந்த வலை போட்ட முன்பக்கம் போகாதே. உள்ள இருக்கிற கூம்பு காகிதம், விரல் பட்டாலே குழி விழும். அங்க தூரிகை மட்டும்.

தம்பி: நீங்க பேசறது எங்க கல்யாணத்துல எங்க மாமா பேசின மாதிரி இருக்கு. 'அமுக்காதே, ஒரே திசையில போ, அழுக்குப் பக்கத்தைத் திருப்பி வை.'

மாடி அக்கா: கேட்டிருக்கலாமே.

தம்பி: அவகிட்ட போன்ல சொன்னேன்க்கா. ரெண்டாவது நாளே. 'சரி, நீ செய்யலே'ன்னேன்.

மாடி அக்கா: அவ?

தம்பி: 'சரின்னு ஏன் ஆரம்பிக்கறீங்க?'ன்னு கேட்டு வெச்சுட்டா.

மாடி அக்கா: நியாயம்தானே. 'சரி, நீ செய்யலே'ன்னா, 'செஞ்சே, ஆனா விட்டுட்டேன்'னு அர்த்தம். அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அவ செய்யலேன்னு நீ நம்பிச் சொல்லணும். என்கிட்ட அப்படித்தான் சொன்னா. அதைக் கேட்டா ஃபைல் பீரோவுலேயே இருக்கும். கேக்கலேன்னா ஃபைல் பைக்குப் போகும்.

தம்பி: நம்பிச் சொல்லணும்னா நம்பறதுக்கு ஏதாவது வேணுமேக்கா. கீறல் இருக்கே. தானா விழுமா?

மாடி அக்கா: டார்ச்சை இங்க காட்டு. ஆங்... இதானா? ஒரு சாண் இருக்கும். நகத்தால தொட்டா மாட்டுது. ஆழம். இது துடைச்சுப் போற ஜாதி இல்ல தம்பி. பாலிஷ்காரன் வந்தாக்கூட மறைப்பான், மாத்த முடியாது.

தம்பி: பற்பசை தேய்ச்சா போகும்னு ஆபீஸ்ல ஒருத்தர்...

மாடி அக்கா: பல்லுக்குத் தேய்க்கச் சொல்லு அவரை. ம்... நேர்க்கோடா போகுது. நடுவுல சின்னச் சின்னதா பல்லு பல்லா வேற இருக்கு. துணியால விழலே இது. எதோ கெட்டியான பொருள். எங்கே உன் உறை?

தம்பி: உறையா? எதுக்கு?

மாடி அக்கா: குடுன்னா குடு.

தம்பி: அது வெறும் துணி. தூசிக்குப் போடறது. அதோ நாற்காலி மேல.

மாடி அக்கா: வெல்வெட்டா! எனக்கு ரவிக்கைக்குக்கூட இப்படி ஒரு துணி எடுத்ததில்ல எங்க வீட்டுக்காரர். யாரு தச்சது?

தம்பி: சந்துமுனை டெய்லர். அளவு குடுத்துத் தச்சேன்.

மாடி அக்கா: கண்ணு தெரியாத டெய்லரா? எங்க கடைக்கு அனுப்பி வை.

தம்பி: ஏன்க்கா?

மாடி அக்கா: மெத்து மெத்துன்னு இருக்கிற பக்கம் வெளியே. சொரசொரன்னு இருக்கிற பக்கம் உள்ளே. அதைக்கூட விடு. ஜிப்! இங்க பாரு, பித்தளைப் பல்லு வெச்ச ஜிப்பு உள்பக்கமா இருக்கு!

தம்பி: ...உள்பக்கமா?

மாடி அக்கா: மரத்தைத் தொட்டுக்கிட்டு! அந்த இழுக்கிற கொக்கியைப் பாரு, கரடு முரடா. இதை எப்படிக் கழட்டுவே?

தம்பி: மேல ஓரத்துல ஜிப்பைத் திறந்து... அப்படியே இழுப்பேன்.

மாடி அக்கா: எந்த ஓரம்?

தம்பி: இடது.

மாடி அக்கா: மேல் பலகை, இடது ஓரம்! கடவுளே, கடவுளே! இருபது தடவை இழுத்திருப்பே. இருபத்தொண்ணாவது தடவை கோடு விழுந்துது. நீயே கழட்டினே, நீயே பார்த்தே, நீயே கத்தினே!

தம்பி: இருங்கக்கா. அப்படி உடனே சொல்ல முடியாது. ஜிப் ரெண்டு சாண் இருக்கே, கீறல் ஒரு சாண்தானே?

மாடி அக்கா: ரெண்டு சாண் ஜிப்புக்கு ஒரு சாண் கீற உரிமை இல்லியா?

தம்பி: வலது ஸ்பீக்கர்ல ஒண்ணுமே இல்லியே. அந்த உறையும் இப்படித்தானே இருக்கும்?

மாடி அக்கா: காட்டு. ஆமா, அதுலயும் ஜிப் உள்ளேதான். அது தப்பிச்சுது, இது மாட்டிச்சு. வலது கைக்காரன் இடது பக்கம் எட்டி இழுக்கும்போது சாய்ச்சு இழுத்திருப்பே. தூசிக்கெல்லாம் நாள் நேரம் பாக்கறவனுக்கு இது எப்படிக் கண்ணுல படாம போச்சு?

தம்பி: வெல்வெட் வெளியே தெரிஞ்சா பார்வையா இருக்கும்னு நான்தான் டெய்லர்கிட்ட... வர்றவங்க பார்க்கிறது வெளிப்பக்கம்தானே.

மாடி அக்கா: வர்றவங்களுக்காக! மரத்துக்குப் போர்வையா, ஊருக்கு வேடிக்கையா? நான் போட்டுக் காட்டட்டுமா, கொக்கி எங்க வந்து நிக்குதுன்னு?

தம்பி: வேண்டாம்க்கா. விடுங்க.

மாடி அக்கா: ஏன், பயமா?

தம்பி: இன்னொரு கோடு விழும்.

மாடி அக்கா: அப்ப ஒத்துக்கறே!

தம்பி: கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு, ஒரு ஜிப்பு முன்னாடி வந்து நிக்குது. என்ன பேச?

மாடி அக்கா: என்கிட்ட எதுவும் பேச வேண்டாம். அவகிட்ட பேசு. சுத்தி வளைக்காம, 'ஆனா' போடாம, 'சரி' போடாம.

தம்பி: சொல்லிடறேன். ஆனா...

மாடி அக்கா: இதோ, போட்டுட்டே.

தம்பி: அஞ்சு மணி வரைக்கும் இந்த தைரியம் இருக்கணுமேன்னு சொல்ல வந்தேன்.

மாடி அக்கா: எதுக்கு அஞ்சு மணி வரைக்கும்? இரு, ஒரு போன் பண்றேன்... ஹலோ? ஆங், நான்தான். வாடி. ஆமா, இப்பவே. வந்தாத் தெரியும்... வந்துட்டே இருக்காளாம்.

தம்பி: பஸ் அதுக்குள்ள வந்துடுச்சா?

மாடி அக்கா: முன்னாடி பஸ்ஸையே பிடிச்சுட்டாளாம். அந்தத் துணியை மடி. சோபா மேல இருக்கிறதை எங்கேயாவது திணி. அந்த பாத்திரத்தை...

வீட்டுக்காரி: உள்ள வரலாமா?

தம்பி: வா... வாம்மா. இவ்வளவு சீக்கிரமா!

வீட்டுக்காரி: ரோட்ல கூட்டம் இல்ல. அக்கா, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா?

மாடி அக்கா: ஸ்க்ரூடிரைவர் வாங்க வந்தேன்.

வீட்டுக்காரி: ஃபைலை எடுத்துட்டுப் போயிடறேன். அஞ்சு நிமிஷம்.

தம்பி: பஸ்ல வந்தியே, களைப்பா இருக்கும். உக்காரு.

வீட்டுக்காரி: பரவாயில்ல.

தம்பி: பை எங்கே?

வீட்டுக்காரி: ...வெளியே வெச்சிருக்கேன்.

மாடி அக்கா: தம்பி! மென்னு முழுங்காதே.

தம்பி: இங்க பாரு... நீ அந்தக் கீறலைப் போடலே.

வீட்டுக்காரி: என்ன?

தம்பி: நீ போடலே. விசாரிக்காம உன்மேல பழி போட்டேன். அதுவும் ரெண்டு பேர் முன்னாடி. அவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, அவங்க முன்னாடியும் சொல்றேன். பாத்திரம் தேய்க்கிற கைன்னு சொன்னது... அது எந்த ஜென்மத்துக்கும் தப்பு.

மாடி அக்கா: ஏண்டி, கேட்டது கிடைச்சுதுல்ல, அப்புறம் என்ன?

வீட்டுக்காரி: இல்ல... அப்ப யாரு போட்டது?

தம்பி: நான்தான். இந்த உறையில இருக்கிற ஜிப்.

வீட்டுக்காரி: ஜிப்பா?

மாடி அக்கா: உள்பக்கமா இருக்கு, பாரு! நான்தான் கண்டுபிடிச்சேன். இந்தப் பித்தளைப் பல்லு, அந்தக் கோடு. ரெண்டும் இடது ஓரம்.

வீட்டுக்காரி: எந்த... இதுவா? இது எப்படி... ஓ.

தம்பி: என்னம்மா?

வீட்டுக்காரி: ஒண்ணுமில்ல. ஜிப்பு. சரிதான். நான்தான் அன்னைக்கே சொன்னேனே, நான் தொடலேன்னு.

தம்பி: சொன்னே. நான் கேக்கலே. இரு, டீ போடறேன். ஒரு டம்ளரையாவது கழுவறேன் முதல்ல.

மாடி அக்கா: மூணு டம்ளர் கழுவு! ...போயிட்டான். பார்த்தியாடி? மூணு வாரமா உனக்குச் சொன்னேன்ல, உண்மை வெளிய வரும்னு. லென்ஸ் வெச்சுத் தேடினா வரும். என்ன, முகம் இப்படி இருக்கு? சந்தோஷப்படு!

வீட்டுக்காரி: அக்கா... தண்ணி சத்தம் கேக்குதா? குழாய் திறந்திருக்கா?

மாடி அக்கா: திறந்திருக்கு. ஏன்?

வீட்டுக்காரி: திட்டக் கூடாது.

மாடி அக்கா: எதுக்குத் திட்டறேன்?

வீட்டுக்காரி: நான்தான்க்கா போட்டேன்.

மாடி அக்கா: என்னத்தைப் போட்டே?

வீட்டுக்காரி: கீறல். அதுக்கு நேரா மேல இருக்கே, சுவத்து பல்பு. எரியாம இருந்துச்சு. பத்துத் தடவை மாத்தச் சொன்னேன். ஸ்டூல் மேல பூச்சட்டியை வெச்சுட்டாரு. எட்டலே. அதனால... ஏறிட்டேன்.

மாடி அக்கா: எதுமேல?

வீட்டுக்காரி: ஸ்பீக்கர் மேல.

மாடி அக்கா: ஏழு பூச்சு மேல!

வீட்டுக்காரி: செருப்போட.

மாடி அக்கா: அடிப்பாவி!

வீட்டுக்காரி: மெதுவாக்கா! அடியில ஏதோ கல்லு மாட்டியிருந்திருக்கு. இறங்கும்போது கால் வழுக்கி... சர்ருன்னு ஒரு சத்தம். உறையைப் போட்டு மூடிட்டேன்.

மாடி அக்கா: ராத்திரி ராத்திரி என்கிட்ட உக்காந்து மூக்கைச் சிந்தினியேடி! 'சத்தியமா தொடலேக்கா'ன்னு!

வீட்டுக்காரி: கையால தொடலே.

மாடி அக்கா: ஓஹோ!

வீட்டுக்காரி: அழுதது நிஜம்க்கா. அவர் மட்டும் தனியா கூப்பிட்டு, 'என்னாச்சும்மா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அங்கேயே சொல்லியிருப்பேன். எடுத்த எடுப்புல 'மிச்சம் யாரு?'ன்னாரு. அவங்க ரெண்டு பேரும் என் முகத்தையே பாக்கறாங்க. 'இல்ல'ன்னு வாய்ல வந்துடுச்சு. ஒரு தடவை வந்தப்புறம் அதை எப்படித் திரும்ப உள்ள எடுக்கறது? நாளாக ஆக, எனக்கே நான் செய்யாத மாதிரி கோவம் வந்துச்சு.

மாடி அக்கா: இப்ப போய் உண்மையைச் சொல்லு.

வீட்டுக்காரி: எப்படிக்கா? இப்பத்தான் முதல் தடவையா அவரு தப்புன்னு ஒத்துக்கிட்டிருக்காரு. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். இப்பப் போய் 'அதுவும் இல்ல'ன்னா... ஒரு மாசம் போகட்டும். நானே சொல்றேன். அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது.

மாடி அக்கா: என் வாயைப் பத்தி இந்தக் கட்டடத்துல கேட்டுப் பாரு.

வீட்டுக்காரி: தெரிஞ்சுதான் கெஞ்சறேன். குழாயை மூடிட்டாரு. நான் போய் முகம் கழுவிட்டு வர்றேன்.

தம்பி: அக்கா, டீ. அவ எங்கே?

மாடி அக்கா: முகம் கழுவறா. ஃபைலை எடுக்கலே. பீரோ பக்கமே போகலே.

தம்பி: ...அப்பாடா.

மாடி அக்கா: ம்.

தம்பி: என்னக்கா, நல்லா பேசிட்டிருந்தீங்க, திடீர்னு ஒரு மாதிரி ஆயிட்டீங்க?

மாடி அக்கா: டீயில சர்க்கரை தூக்கல்.

தம்பி: இன்னும் குடிக்கவே இல்லியே.

மாடி அக்கா: தம்பி, ஒண்ணு கேக்கறேன். பேச்சுக்குத்தான். ஒருவேளை... அது ஜிப்பா இல்லாம இருந்தா?

தம்பி: ஜிப் இல்லக்கா.

மாடி அக்கா: என்னது!

தம்பி: மெதுவா. அந்த பல்ப் ஒரு மாசமா எரியலே. அன்னைக்கு அவங்களைக் கூட்டிட்டு உள்ள வர்றேன், எரியுது. அந்த வெளிச்சத்துலதான் கீறலே தெரிஞ்சுது. கத்தி முடிச்சு, அவ கதவைச் சாத்திட்டுப் போனப்புறம்தான் மேல நிமிர்ந்து பார்த்தேன். நான் மாத்தலே. ஸ்டூல் பால்கனியில. அப்ப எதுமேல ஏறியிருப்பா? இதைக் கூடவா தணிக்கை பண்ணத் தெரியாது எனக்கு?

மாடி அக்கா: அடப்பாவி... தெரிஞ்சவன் அன்னைக்கே பதினெட்டுப் படி ஏறி வந்து, 'போனாப் போகுதும்மா, வா'ன்னு கூப்பிட்டிருந்தா முடிஞ்சிருக்குமே! மூணு வாரமா என் சோபாவுல படுத்து அவ...

தம்பி: உங்க சோபாவுல. அப்ப அவ அம்மா வீட்ல இல்ல?

மாடி அக்கா: அது வந்து... அவதான் சொல்லக் கூடாதுன்னா.

தம்பி: பரவாயில்லக்கா. தெரியும். ரெண்டாவது நாளே உங்க வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள அவ 'சத்தியமா நான் தொடவே இல்லக்கா'ன்னு அழறா. நீங்க 'எனக்குத் தெரியாதா கண்ணு'ங்கறீங்க. அந்த நேரத்துல நான் உள்ள வந்து 'நீதான், ஆனா பரவாயில்ல'ன்னா, உங்க முகத்துல அவ எப்படி முழிப்பா? அப்படியே இறங்கிட்டேன்.

மாடி அக்கா: அப்ப அந்த ஜிப்பு? என் ரெண்டு கண்ணால பார்த்தேனே! உள்பக்கமாத்தானே இருந்துச்சு!

தம்பி: நான் கண்டுபிடிச்சதா சொல்லியிருந்தா, எனக்கு விஷயம் தெரியும்னு அவளுக்குப் புரிஞ்சிருக்கும். நீங்க கண்டுபிடிச்சா யாரும் பொய் சொன்ன மாதிரி ஆகாது பாருங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா... காலையில ரெண்டு உறையையும் உள்பக்கம் வெளியா திருப்பி வெச்சது நான்தான்.